இருபது கேள்விகளும் ஒரு மத்தி முள்ளும்

அதிராம்பட்டினத்தில் ஒரு பெண்மணி "இப்பல்லாம் மீன் அவ்வளவா புடிக்கல" என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் உஷாராக வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் உஷாராகவில்லை. உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வாய்க்கசப்பு போகவில்லை போலிருக்கிறது, கீமோ எடுத்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு விட்டுவிட்டோம். கொடுவா வாங்கினால் இரண்டு துண்டு சாப்பிடுவார். மத்தி, வாளை என்றால் தட்டை நகர்த்திவிடுவார். கொடுவாவில் முள் பெரியது, மத்தியில் முள் பொடி. நாக்குக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கு உறைக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. முள்ளைத் தேடிப் பிரித்து எடுப்பது விரல். அவர் விரலுக்கு முள் தெரியவில்லை.

நான் மருத்துவன் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாகக் கணினிக்கு நிரல் எழுதுகிறவன். ஆகவே இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது ஒரு படிவத்தைப் பற்றிய விமர்சனம். கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், ஆஸ்பத்திரிப் படிவத்துக்கு எழுதினால் என்ன? ஒரு நாவல் சரியில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். படிவம் சரியில்லை என்றால் ஒருவருடைய மருந்தின் அளவே மாறிப்போகும்.

படிவத்துக்கு வருமுன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீமோ மருந்துகளில் சில, புற்று அணுக்களோடு சேர்த்து நரம்பையும் தாக்கும். மார்பகப் புற்றுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பாக்லிடாக்செல், நுரையீரல், சினைப்பை, தலை கழுத்துப் புற்றுகளுக்கான சிஸ்பிளாட்டின், குடல் புற்றுக்கான ஆக்சாலிபிளாட்டின், மைலோமாவுக்கான போர்டிசோமிப், ரத்தப் புற்றுக்கான வின்கிரிஸ்டின் எல்லாம் இந்தக் கூட்டம்தான். கடைசியாகச் சொன்னது நம் நித்திய கல்யாணியிலிருந்து வருவது. சுடுகாட்டு மல்லி என்று ஊர்ப்பக்கம் சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவார்களே, அதே செடி. தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிட்டு வேரையும் இலையையும் வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். உயிரையும் கொடுத்து விரல் நுனியையும் எடுத்துக்கொள்ளும் செடி.

ஏன் விரல் நுனி? முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நரம்பணுவின் இழை, கால் கட்டைவிரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது. இழையின் கடைசி வரைக்கும் சரக்கு போய்ச் சேர உள்ளே நுண்குழாய்கள் தண்டவாளம் போல இருக்கின்றன. வேகமான சரக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் அளவில்தான் நகரும். அதாவது கட்டைவிரலுக்குப் போய்ச் சேர இரண்டரை நாள். பாக்லிடாக்செலும் வின்கிரிஸ்டினும் கைவைப்பது இந்தக் குழாய்களில்தான். புற்றணு பிரிவதற்கும் அதே குழாய்கள்தான் வேண்டும் என்பதால்தான் அவை மருந்தாகவே இருக்கின்றன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. பாதமும் விரலும் உடம்பின் கடைமடை. (சிஸ்பிளாட்டின் கதை கொஞ்சம் வேறு. அது முதுகுத்தண்டுப் பக்கத்து அணுவையே அடிக்கிறது, மதகே பழுது. அதனால்தான் மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் மரமரப்பு ஏறிக்கொண்டே போகும்.)

எத்தனை பேருக்கு வருகிறது? 31 ஆய்வுகளில் இருந்த 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்ட 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம், மூன்றாம் மாதத்தில் 60, ஆறு மாதம் தாண்டியும் 30 என்கிறது. சர்க்கரை நோய் ஏற்கெனவே உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்தால் நரம்புக் கோளாறு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். உம்மாவுக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை.

இனி படிவம். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஈ.ஓ.ஆர்.டி.சி. உருவாக்கிய இந்தக் கேள்வித்தாள் 2005இல் வெளிவந்தது. 'சி.ஐ.பி.என். 20' என்று பெயர், 20 கேள்விகள். உலகம் முழுக்க மருந்து ஆய்வுகளில் இதைத்தான் அதிகமும் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு இப்படி இருந்ததா என்று கேட்டு, இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம் என்று நான்கு கட்டம் கொடுத்திருப்பார்கள். ஒன்பது கேள்வி உணர்வு பற்றி, எட்டு அசைவு பற்றி, மூன்று தன்னியக்க நரம்புகள் பற்றி.

முதலில் பாராட்டிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு அருகதை உள்ள பிரதி இது. மருத்துவர்கள் போடும் தரவரிசை ஒன்று உண்டு. அறிகுறி இல்லையென்றால் ஒன்று, சமையல், கடைகண்ணி போன்ற காரியங்களுக்கு இடைஞ்சல் என்றால் இரண்டு, குளிப்பது, உடுத்துவது போன்ற சொந்தக் காரியங்களுக்கே இடைஞ்சல் என்றால் மூன்று. இது வெளியிலிருந்து பார்க்கும் கண். நிற்கிறாரா, நடக்கிறாரா, சரி, அடுத்த ஆள். கேள்வித்தாள் அப்படியில்லை, உள்ளேயிருந்து கேட்கிறது. கால் கீழே உள்ள தரை தெரியாததால் நிற்கவோ நடக்கவோ சிரமமா என்று ஒரு கேள்வி. வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரு கேள்வி. இதை எழுதியவர்கள் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பது வாசிக்கும்போதே தெரிகிறது. அலங்காரம் இல்லை, ஆறுதல் வார்த்தை இல்லை. புற்றுநோயாளிகளுக்காக எழுதப்படும் தன்னம்பிக்கைக் கட்டுரைகள் பத்தை வாசித்த களைப்பில் இதை வாசித்தபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உம்மாவிடம் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கேட்டேன். அவர் பதிலைக் கட்டத்தில் குறித்தேன். பிறகு அவர்கள் சொல்லியிருக்கும் முறைப்படி 0 முதல் 100 வரையான அளவுக்கு மாற்றினேன். உணர்வுப் பகுதி 26. அசைவுப் பகுதி 5கூட இல்லை. பரவாயில்லையே என்று இருந்தது. அன்று ராத்திரி அடுப்பிலிருந்து சோற்றுச் சட்டியை வெறுங்கையால் பிடித்து இறக்கிவிட்டு, கை சிவந்ததைத் தங்கச்சி காட்டும் வரை தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

இங்கேதான் எனக்குள் இருந்த நிரல்காரன் விழித்துக்கொண்டான். எண் தப்பு என்றால் உள்ளே போன தரவு தப்பு.

முதல் கோளாறு என்னுடையது, மொழிபெயர்ப்பு. உணர்விழப்பு பற்றிய கேள்வியை நான் "மரத்துப்போகுதா?" என்று கேட்டிருந்தேன். உம்மா "எப்பவாச்சும்" என்றார். மறுநாள் விசாரித்தபோதுதான் புரிந்தது. மரத்துப்போவது என்றால் அவருக்குச் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் வருவது, உதறினால் போவது. "இது மரத்துப்போறதில்ல வாப்பா, எந்நேரமும் கையில உறை மாட்டுன மாதிரி இருக்கு" என்றார். கையுறை, காலுறை மாதிரியான பரவல் என்றுதான் மருத்துவப் பாடநூல்களும் இதைச் சொல்கின்றன. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்ற உம்மா அதே உவமைக்குத் தானாக வந்து சேர்ந்திருந்தார். நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். ஆங்கிலப் படிவம் மூன்று நான்கு சொற்களை வைத்துச் சமாளிக்கிற இடத்தில் நம்மிடம் மதமதப்பு, குறுகுறுப்பு, விறுவிறுப்பு, சுருக்கு, காந்தல், எரிவு, குத்தல், குடைச்சல் என்று ஒரு கடையே இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு. இவ்வளவு இருந்தும் ஆஸ்பத்திரியில் "கை கால் மரமரப்பு இருக்கா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு முடித்துக்கொள்கிறோம்.

இரண்டாவது கோளாறு படிவத்துடையது, இதுதான் பெரிது. ஜாடி, பாட்டில் மூடி திறக்கச் சிரமமா? "இல்ல." ஏன் இல்லை? ஏழு மாதமாக எல்லாவற்றையும் தங்கச்சிதான் திறந்து கொடுக்கிறாள். வெந்நீர் பச்சைத் தண்ணீர் வித்தியாசம் தெரியாமல் சிரமமா? "இல்ல." ஒளுச் செய்யவும் குளிக்கவும் பேத்தி தண்ணீரை விளாவி வைத்துவிடுகிறாள். பேனா பிடிக்கச் சிரமமா? "நான் எங்க பேனா புடிக்கிறேன்?" அதற்கும் இல்லவே இல்லை கட்டத்தில்தான் குறி விழுந்திருந்தது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய பிழை. மதிப்பு பூஜ்யம் என்பதும் மதிப்பே இல்லை என்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே இடத்தில் பூஜ்யமாகச் சேமித்தால் அறிக்கை அழகாக வரும், பொய்யாக வரும். "சிரமமில்லை" என்பதையும் "அந்த வேலையையே விட்டுவிட்டேன்" என்பதையும் இந்தப் படிவம் ஒரே கட்டத்தில் போடுகிறது. விட்டுவிடுவது என்பது சிரமத்தின் உச்சம் அல்லவா? அதற்கு மிகக் குறைந்த மதிப்பெண்!

நியாயமாகச் சொல்ல வேண்டும். விடை காலியாக இருந்தால், ஒரு பகுதியில் பாதியாவது விடை இருக்கும்பட்சத்தில் மீதியை வைத்துக் கணக்கிடலாம் என்று அவர்களுடைய மதிப்பெண் விதியிலேயே இருக்கிறது. ஆனால் அது கணக்குப் போடுகிறவருக்கான விதி, நோயாளி கையில் இருக்கும் தாளில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த யோசனை அவர்களுக்கு வராமல் இல்லை. கார் பெடலை மிதிக்கச் சிரமமா என்ற கேள்விக்கு முன்னால், கார் ஓட்டுகிறவர்கள் மட்டும் பதில் சொல்லவும் என்று போட்டிருக்கிறார்கள். ஆண்களுக்கான கேள்விக்கும் அப்படியே. கார் ஓட்டாதவருக்கு விலக்கு உண்டு, ஊறுகாய் ஜாடி திறக்காதவருக்கு இல்லை. ஏனென்றால் எழுதியவர்களின் வீட்டில் ஜாடியை அவரவரே திறக்கிறார்கள். தனியாக வாழும், ஷூ போடும், பேனா பிடிக்கும், நாற்காலியில் உட்காரும் ஒரு மனிதர் இந்த இருபது கேள்விகளுக்குப் பின்னால் இருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அதிராம்பட்டினத்துக்காரர் இல்லை.

எங்கள் ஊர்க்காரருக்கு என்ன கேட்க வேண்டும்? நடக்கும்போது ரப்பர் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு அடி போயிருக்கிறீர்களா? (உம்மா போயிருக்கிறார், கடைத்தெருவில், பின்னால் வந்த ஒரு பையன் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.) தொழுகையில் இருப்பில் உட்காரும்போது வலது கால் விரல்களை மடித்து ஊன்ற முடிகிறதா? தரையிலிருந்து எழ எதைப் பிடிக்கிறீர்கள்? வெயில் நேரத்தில் மாடித் தரையில் வெறுங்காலோடு நின்றால் சூடு எப்போது தெரிகிறது? ஊக்குக் குத்த, ரவிக்கைக் கொக்கி மாட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? படிவத்தில் பொடிச் சாமான்களைக் கையாளுவது பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, உதாரணம் சட்டைப் பொத்தான். உம்மாவுக்கு உடுப்பில் பொத்தானே கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேல், கையால் சாப்பிடுகிற ஒருவரிடம் சாப்பாட்டைப் பற்றி அதில் ஒரு கேள்விகூட இல்லை. முள்கரண்டிக்காரருக்கு விரல் நுனி போனால் பொத்தான் போடத்தான் கஷ்டம். நமக்குச் சோற்றின் சூட்டை முதலில் சொல்வது விரல், இடியாப்ப மாவின் பதத்தைச் சொல்வது விரல், முள்ளைக் காட்டிக்கொடுப்பது விரல். பேரப்பிள்ளைக்கு மீன் பிய்த்து ஊட்டுவதை உம்மா நிறுத்தியதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அவருக்கு அதுதான் கீமோவின் பெரிய இழப்பு. முடி கொட்டியதைவிட.

விட்டுவிட்ட வேலைகளை "விட்டிருக்காவிட்டால்" என்று செய்து பார்க்கச் சொல்லி, பேனாவைக் காலியாக விட்டு, உறை மாட்டிய மாதிரி என்ற சொல்லை வைத்து, அடுத்த வாரம் மறுபடி குறித்தேன். உணர்வு 56. அசைவு 39. ஒரே ஆள், ஒரே கை, ஒரே கால்.

எண்தானே, அதில் என்ன என்று கேட்கலாம். இந்த நோவைத் தடுக்க இன்றைக்கு நிரூபணமான மருந்து கிடையாது. வந்த பிறகு வலிக்கு ஓரளவு கேட்பது டுலாக்செட்டின் ஒன்றுதான் என்று அமெரிக்கப் புற்று மருத்துவர் சங்கத்தின் 2014, 2020 வழிகாட்டுதல்கள் இரண்டுமே சொல்கின்றன. அதற்கு ஆதாரமான 231 பேர் ஆய்வில் (2013) பத்துக்கு எவ்வளவு வலி என்ற அளவில் மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 1.06 குறைந்தது, வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.34. அவ்வளவுதான். அதுவும் வலிக்குத்தான், உணர்விழப்புக்கு இல்லை. நரம்புக்கு நல்லது என்று கொடுக்கப்பட்ட அசிட்டைல் கார்னிடின், பாக்லிடாக்செல் வகை எடுத்த பெண்களிடம் சோதித்தபோது நிலைமையை மோசமாக்கியது. எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் அது இருந்தது, நாங்களே கடையில் கேட்டு வாங்கியது. ஊசி ஏறும்போது கையிலும் காலிலும் உறைபனிக் கையுறை மாட்டுவது பாக்லிடாக்செலுக்கு உதவும் என்று ஜப்பானில் நடந்த சிறு ஆய்வு ஒன்று நம்பிக்கை தருகிறது. ஆனால் ஆக்சாலிபிளாட்டின்காரர்களுக்குக் குளிர்ச்சிதான் எதிரி, ஃபிரிஜ் கதவைத் திறந்தாலே விரலில் ஷாக் அடிக்கும். ஆக உறுதியான ஒரே வழி, மரமரப்பு தொடங்கும்போதே கண்டுபிடித்து, மருந்தைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா, மாற்றுவதா என்று மருத்துவர் முடிவெடுப்பது. அந்த முடிவு முழுக்க நோயாளி வாயிலிருந்து வரும் பதிலில் நிற்கிறது.

உம்மாவுக்கு வாராவாரம் பன்னிரண்டு ஊசி. ஐந்தாவது ஊசியிலேயே விரல் நுனியில் சுருக்கென்று ஆரம்பித்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள், இவரும் நல்லா இருக்கேன் என்றிருக்கிறார். கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வரிசையில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஊசியை நிறுத்திடுவாங்க, நோவு திரும்பிடும்னு பயம்." இது அவர் ஒருவரின் பயம் இல்லை. தன்னைக் காப்பாற்றும் பொருளே தன்னைக் கெடுக்கிறது என்று புகார் சொல்வது யாருக்கும் எளிதில்லை. படிவம் இந்தப் பயத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. "இதைச் சொன்னால் உங்கள் வைத்தியம் நின்றுவிடாது" என்று மேலே ஒரு வரி போட்டிருக்கலாம்.

இந்தப் பயத்துக்கு நம் சினிமாவுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 'நீர்க்குமிழி'யிலிருந்து (1965) 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' (இரண்டும் 1982) வரை புற்றுநோய் என்றால் காதலை முடித்துவைக்க வரும் எமன். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) மட்டும் நோயாளியைப் பிழைக்க வைத்தது, பதிலுக்கு மருத்துவரைக் கொன்றது. பிழைத்தவர் அதன் பிறகு எப்படி நடந்தார், எப்படிச் சாப்பிட்டார் என்பது கதையாசிரியருக்கு வேண்டாத விஷயம். அந்தக் காலத்தில் கீமோ இப்படிப் பரவலாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கும் நமக்குத் தெரிந்தது சாவு அல்லது வெற்றி இரண்டுதான். பிழைத்து, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துபோகிறவருக்கு வசனம் எழுத ஆள் இல்லை. அதனால் அவரும் "உயிரோட இருக்கேனே, இதப் போயி சொல்லலாமா?" என்று வாயை மூடிக்கொள்கிறார்.

உணர்வில்லாத பாதத்தோடு வாழ்வது எப்படி என்ற அறிவு நம் மாநிலத்தில் இல்லாமல் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டுக்கொண்டும்தான் போகின்றன என்று கண்டு சொன்னார். தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியாமல் விரலை இழந்தவர்கள் இருந்தார்கள். வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான் தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும். சர்க்கரை நோய்க் கிளினிக்குகள் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தெரிகிறதா என்று பார்ப்பது அங்கே சாதாரணம். கீமோ வார்டுக்கு அந்த இழை இன்னும் போய்ச் சேரவில்லை. உம்மாவின் பாதத்தில் முதன்முதலாக அதை வைத்துப் பார்த்தவர் பட்டுக்கோட்டையில் ஒரு சர்க்கரை மருத்துவர்தான். விழுவதைப் பற்றியும் பயப்பட வேண்டியிருக்கிறது. கீமோ முடிந்து சராசரி ஆறு வருஷம் ஆன பெண்களைப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில் (2017) ஏறக்குறைய பாதிப்பேருக்கு மரமரப்பு இன்னும் இருந்தது, அவர்கள் கீழே விழுவது மற்றவர்களைப் போல 1.8 மடங்கு.

இப்போது வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்பு. முதலில் "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று ஒரு வாரம் சண்டை. தனி ஜோடி, தெருவுக்குப் போகாத ஜோடி என்று பேசி முடிந்தது. சோற்றுச் சட்டிக்குக் கரித்துணி கட்டாயம். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறார். கடைமடைக்கு மேலே இன்னும் ஈரம் இருக்கிறதே. மத்தியைத் தங்கச்சி முள் எடுத்துத் தட்டில் வைத்தாள், உம்மா தொடவில்லை. இன்னொருத்தர் பிய்த்த மீனை நோயாளிதான் சாப்பிடுவான் என்பது அவர் கட்சி.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு எடுத்துப்போக, இருபது கேள்விகளையும் உம்மாவின் சொற்களில் மாற்றி எழுதி, "செய்வதை விட்டுவிட்டேன்" என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்து, எங்கள் ஊர்க் கேள்விகள் ஆறையும் கீழே போட்டு, வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், "மீன் முள்ளு தெரியுதான்னு மட்டும் கேட்டா பத்தாது. யாருக்கு ஊட்டுறதை நிறுத்துனீங்கன்னும் கேளு" என்றார். எழுதிக்கொண்டேன், இருபத்தேழாவது கேள்வியாக.